பங்குனி உப்பளத்துல பறவையோட காலைப் பாருங்க: வளையம் பாக்கப் புதுசா வர்றவங்களுக்கு

அகஸ்தியம்பள்ளி தாண்டி கோடியக்கரை ரோட்டுல போனீங்கன்னா உப்பளம் ஆரம்பிச்சிடும். பங்குனி மாசம் காலைல ஆறரை மணிக்கு அங்க வரப்புல நின்னு பாருங்க, மார்கழில எல்லாம் ஒரே சாம்பல் கலர்ல ஓடிக்கிட்டு இருந்த உள்ளான் கூட்டம், குளிர்காலத்துக்கு இங்க வர்ற சின்னக் கரைப்பறவைங்க, இப்ப ஒண்ணொண்ணும் ஒரு கலர்ல நிக்கும். வளைமூக்கு உள்ளானுக்கு வயிறு செங்கல் கலர் ஆயிக்கிட்டு இருக்கும், பாதி சிவந்தது, அங்கங்க திட்டுத்திட்டா சிவந்தது, முழுசா சிவந்தது எல்லாம் ஒரே பாத்தில. கொசு உள்ளான் முதுகுல துரு கலர் ஏறியிருக்கும். மங்கோலிய உப்புக்கொத்திக்கு நெஞ்சுல ஆரஞ்சுப் பட்டை, முகத்துல கறுப்பு. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி புதுத்துணி போட்டுக்கற மாதிரிதான், இந்த வளைமூக்கு உள்ளான் போய் குஞ்சு பொரிக்கிற ஊரு சைபீரியாவுல பனிப்பிரதேசத்துல இருக்கு.

இந்த நேரத்துல நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான், கலரைப் பாத்து முடிச்சதும் காலைப் பாருங்க. ஆயிரம் பறவை நிக்குதுன்னா அதுல ஒண்ணு ரெண்டு காலுல ஒரு சின்ன பிளாஸ்டிக் கொடி, இல்லன்னா ஒரு அலுமினிய வளையம் இருக்கலாம். அந்த வளையத்தைப் போட்டவங்க வேலைய பாதிதான் முடிச்சிருக்காங்க, மீதி வேலை அதைப் பாத்து சொல்ற ஆளோடது, அந்த ஆளு நீங்களா இருக்கலாம். லைசென்ஸ் வேணாம், பட்டம் வேணாம், பொறுமை வேணும்.

முதல்ல ஒரு விஷயத்தை தெளிவா சொல்லிடறேன், ஏன்னா புதுசா வர்றவங்க நிறைய பேரு கேக்கற முதல் கேள்வியே "நாமளே பறவைக்கு வளையம் போடலாமா"ன்றதுதான். போடக்கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாம காட்டுப்பறவையப் பிடிக்கிறதே குற்றம், ஆராய்ச்சிக்குன்னாலும் அனுமதி வாங்கித்தான் பிடிக்கணும். நம்ம நாட்டுல இந்த வேலைய ரொம்ப வருஷமா செய்யறது 1883ல ஆரம்பிச்ச பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி, சுருக்கமா பிஎன்ஹெச்எஸ். கோடியக்கரைய 1967ல சரணாலயமா அறிவிச்சாங்க, பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி ஐயா காலத்துலேர்ந்தே இங்க வளையம் போடற வேலை நடந்திருக்கு, பிஎன்ஹெச்எஸ்ல பறவை ஆராய்ச்சி பண்ணின எஸ். பாலச்சந்திரன் சார் மாதிரி ஆளுங்க வாழ்க்கைல பாதிய இந்த உப்பளத்துச் சேத்துலதான் கழிச்சிருக்காங்க. 2002ல ராம்சர் இடமாவும், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமாவும் ஆச்சு.

வளையம் போடறதுன்னா என்ன, எதுக்குன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா பாக்கறப்ப மதிப்பு புரியும். 1899ல டென்மார்க்குல மார்ட்டென்சன்னு ஒரு வாத்தியார், மைனா இனத்துப் பறவைங்களுக்கு நம்பரும் விலாசமும் அடிச்ச அலுமினிய வளையம் போட்டு விட்டாரு, யாராவது எங்கயாவது பாத்து எழுதுவாங்கன்னு. இன்னிக்கும் அடிப்படை அதேதான். பிஎன்ஹெச்எஸ் வளையத்துல "இன்ஃபார்ம் பாம்பே நாட். ஹிஸ்ட். சொசைட்டி"ன்னு இங்கிலீஷ் எழுத்துல இருக்கும், கூடவே ஒரு நம்பர். அந்த நம்பர் வேற எந்தப் பறவைக்கும் கிடையாது. ஒரு பறவை எங்க போச்சு, எத்தனை வருஷம் உயிரோட இருக்கு, வருஷா வருஷம் அதே பாத்திக்கு வருதா, எல்லாமே இப்படித்தான் தெரிய வருது. பசிபிக் கடல்ல மிட்வே தீவுல விஸ்டம்னு ஒரு ஆல்பட்ராஸ், பெரிய கடல்பறவை, இருக்கே, அதுக்கு 1956ல வளையம் போடாம இருந்திருந்தா அதுக்கு எழுபது வயசுக்கு மேல ஆகுதுன்னு யாருக்குமே தெரிஞ்சிருக்காது.

வளையம் போடறத நான் முதல் தடவை கிட்டத்துல பாத்தது ஒரு கேம்ப்ல. அமாவாசை ஒட்டின ராத்திரியாத்தான் வலை கட்டுவாங்க, நிலா இருந்தா பறவைக்கு வலை தெரிஞ்சிடும். தலைமுடி மாதிரி மெல்லிசான நூல்ல பின்னின வலை, மிஸ்ட் நெட்னு சொல்லுவாங்க, தண்ணிக்கு மேல கம்பு நட்டு கட்டியிருப்பாங்க, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை டார்ச்சோட போய் பாத்துக்கிட்டே இருக்கணும், மாட்டின பறவைய ரொம்ப நேரம் தொங்க விடக்கூடாது. எடுத்து துணிப்பைல போட்டு கொண்டு வந்தாங்க. ஒரு கொசு உள்ளான், இருபத்தஞ்சு கிராம்கூட இல்ல. வளையம் போடறவரு ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல கழுத்து வர்ற மாதிரி, உள்ளங்கை முதுகத் தாங்கற மாதிரி பிடிச்சாரு, அமுக்கவே இல்ல. அது கண்ணு மட்டும் லைட்ல மின்னிச்சு. இதுக்குன்னே இருக்கற பிளையர்ல வளையத்த காலுல வெச்சு மூடினாரு, ரெண்டு முனையும் இடைவெளி இல்லாம ஒட்டியிருக்கான்னு விரல் நகத்தால தடவிப் பாத்தாரு, இடைவெளி இருந்தா நூலு மாட்டிக்கும், காலு போயிடும். அப்புறம் நெஞ்சு இறகுல லேசா ஊதினாரு. இறகு விலகினதும் கழுத்துக்குக் கீழ இருக்கற பள்ளத்துல தோலுக்கு அடில மஞ்சளா தெரிஞ்சுது. "கொழுப்பு, இதான் இவனுக்கு டீசல்"னாரு. அந்தப் பள்ளம் நிறைஞ்சிருந்தா கிளம்பப் போகுதுன்னு அர்த்தம். இறக்கை எத்தனை மில்லிமீட்டர், எடை எவ்வளவு, எந்த இறகு உதிர்ந்து புதுசா முளைச்சிருக்கு, எல்லாம் சொல்லச் சொல்ல பக்கத்துல ஒருத்தர் எழுதினாரு, எழுதறவரு ஒவ்வொரு நம்பரையும் திரும்ப வாய்விட்டுச் சொல்லணும், ஒரு எண்ணு தப்பானா அந்தப் பறவையோட வாழ்க்கைக் கணக்கே இன்னொரு பறவை பேர்ல போயிடும்.

உங்களுக்கு இந்த வேலைல ஆசை இருந்தா உள்ள போற வழி அந்த எழுதற நாற்காலிதான். கேம்ப் நடக்குதுன்னு தெரிஞ்சா முன்கூட்டியே கேட்டு, அனுமதியோட போங்க, எழுத்து வேலை, பை தூக்கற வேலை, வலைக் கம்பு கழுவற வேலை எதுவா இருந்தாலும் செய்ங்க. பறவைய கைல வாங்கி போட்டோ எடுத்துக்கணும்னு கேக்காதீங்க, ஃபிளாஷ் போடாதீங்க. பீகார்லேர்ந்து வந்த மீர்ஷிகார் ஆளுங்க, பரம்பரையா பறவை பிடிக்கிறவங்க, அலி ஹுசைன் மாதிரியானவங்க, இந்த வேலைக்குத் தந்த கைத்திறமை ரொம்பப் பெருசு, ஒரு இறகுகூட உதிராம பிடிச்சுக் கொடுப்பாங்க. அது ஒரு வாரக் கேம்ப்ல வர்ற வித்தை இல்ல.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. சாமான்ல ஆரம்பிக்கறேன். பைனாகுலர் 8×42 போதும், அதுக்கு மேல பெருசு வாங்கினா கை ஆடும். ஆனா உண்மையச் சொன்னா கொடில இருக்கற எழுத்தைப் படிக்க பைனாகுலர் மட்டும் பத்தாது, நல்ல ஜூம் இருக்கற கேமரா ஒண்ணு இருந்தா பெரிய உதவி, இல்லன்னா ஸ்பாட்டிங் ஸ்கோப், ஸ்டாண்டுல வெச்சுப் பாக்கற தொலைநோக்கி, வெச்சிருக்கற ஒருத்தரோட சேர்ந்து போங்க. புதுசா கடன் வாங்கி எதையும் வாங்காதீங்க, முதல் வருஷம் இருக்கறத வெச்சு பாருங்க. தொப்பி, தண்ணி ரெண்டு லிட்டர், பாக்கெட் நோட்டு, பென்சில். பேனா வேணாம், உப்புக்காத்து ஈரத்துல மை பரவும். உப்பளத்துல ஒரு மரம் கிடையாது, ஒன்பது மணிக்கு மேல வெள்ளை உப்புல வெயில் அடிச்சு கண்ணு கூசும், தூரத்துல இருக்கற பறவை எல்லாம் கானல்ல நெளியும், அப்ப எழுத்து படிக்கவே முடியாது. அதனால விடியக்காலைல போங்க, சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கற வரப்பா பாத்து நில்லுங்க. உப்பளம் தனியார் இடம்னா அங்க வேலை செய்யற அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க, சரணாலயத்துக்குள்ளன்னா வனத்துறை டிக்கெட்டும் அனுமதியும். பாத்தி வரப்பை மிதிச்சு உடைச்சிடாதீங்க, அது ஒருத்தரோட சம்பாத்தியம்.

அடுத்தது கிட்ட போற முறை. இதை நிறைய பேரு தப்பா செய்யறாங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். பறவை தலையத் தூக்கி உங்களப் பாத்துச்சுன்னா நின்னுடுங்க. மேயறத நிறுத்திட்டு எல்லாம் ஒரே பக்கம் நடக்க ஆரம்பிச்சா ரெண்டடி பின்னாடி வாங்க. பறக்க விட்டுட்டா நீங்க தோத்துட்டீங்க, அதுவும் பங்குனில அது அதுக்குப் பெரிய நஷ்டம், ஏன்னா நான் சொன்ன அந்த மஞ்சக் கொழுப்பு சேக்கறதுக்கு அதுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கு, ஒவ்வொரு தடவை கிளப்பி விடறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா கரையுது. வரப்புல உக்காந்துடுங்க. உக்காந்த ஆளைப் பாத்து பறவை பயப்படறது குறைவு, அரைமணி நேரம் அசையாம இருந்தீங்கன்னா அதுங்களே மேய்ஞ்சுக்கிட்டு உங்க பக்கம் வரும். போட்டோவுக்காக கூட்டத்தைக் கிளப்பி விட்டு பறக்கற படம் எடுக்கறவங்களப் பாத்தா எனக்கு மனசு வலிக்கும், நேராவே சொல்லிடுவேன் வேணாம்னு.

காலைப் படிக்கறது எப்படின்னா, பறவை காலுல நாம முட்டின்னு நினைக்கிறது உண்மைல கணுக்கால். அதுக்கு மேல ஒரு பாகம், கீழ ஒரு பாகம். கொடி பெரும்பாலும் மேல் பாகத்துல இருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் இடத்துக்கும் தனித்தனி கலர் ஜோடி ஒதுக்கியிருக்காங்க, அதனால எழுத்து தெரியலன்னாலும் கலர் ரெண்டும் வரிசையோட தெரிஞ்சா எங்க போட்டதுன்னு சொல்லிடலாம். நோட்ல எழுத வேண்டியது இதெல்லாம்: எந்தக் காலு, அது பறவையோட இடது வலது, எதிர்ல நிக்கற நம்மளோடது இல்ல. மேல் பாகமா கீழ் பாகமா. மேல என்ன கலர், அடுத்து என்ன கலர். எழுத்து என்ன, எண்ணு என்ன. இன்னொரு காலுல உலோக வளையம் இருக்கா இல்லையா. இல்லன்னா இல்லன்னே எழுதுங்க, காலு தண்ணிக்குள்ள இருந்து தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க, ரெண்டும் வேற வேற தகவல். வெயில்ல கலர் வெளுக்கும், சிவப்பு ஆரஞ்சு மாதிரி தெரியும், வெள்ளைல சேறு ஏறினா மஞ்சளா தெரியும், அதனால சந்தேகம் இருந்தா "சிவப்பு அல்லது ஆரஞ்சு"ன்னே எழுதுங்க. எண்ணுல எட்டும் இங்கிலீஷ் பி எழுத்தும், சைபரும் ஓ எழுத்தும் தூரத்துல ஒண்ணு மாதிரியே இருக்கும். தெரியாத எழுத்துக்கு கேள்விக்குறி போடுங்க, ஊகிச்சு நிரப்பவே நிரப்பாதீங்க.

எனக்கு நடந்ததச் சொல்றேன். மூணாவது வருஷமோ என்னமோ, சித்திரை ஆரம்பம், ஒரு கருவால் மூக்கன் கொடியோட நின்னுச்சு, ரெண்டு எழுத்து படிச்சிட்டேன், மூணாவது எழுத்து மேல சேறு. கொஞ்சம் கிட்ட போனா தெரியும்னு நாலு அடி வெச்சேன், பறந்துடுச்சு. அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் தேடினேன், மறுநாளும் போனேன், அது கிளம்பிடுச்சு. அந்தப் பாதி எழுத்தை வெச்சு எந்தப் பறவைன்னு கண்டுபிடிக்க முடியல. அது குளிச்சிட்டு வர்ற வரைக்கும் நான் உக்காந்திருந்தா போதும், உள்ளானும் மூக்கனும் மேய்ஞ்சு முடிச்சதும் தெளிஞ்ச தண்ணில போய் குளிக்கும், இறகைக் கோதும், அப்ப ஒத்தக் காலுல நிக்கறப்ப கொடி சுத்தமா தெரியும். அதுக்கப்புறம் நான் மேயற இடத்துல தேடறத விட்டுட்டு குளிக்கிற இடத்துக்குப் பக்கத்துல போய் உக்கார ஆரம்பிச்சேன். அடுத்த பங்குனில ஒரு மங்கோலிய உப்புக்கொத்தியோட கொடிய முழுசா படிச்சேன், எழுதி அனுப்பினேன், பதில் வந்துச்சு, ரெண்டு வருஷம் முன்னாடி இதே கோடியக்கரைல போட்டதுன்னு. போயிட்டு ரெண்டு தடவை திரும்ப வந்திருக்கு, இமயமலைக்கு அந்தப் பக்கம் போயிட்டு, இதே பாத்திக்கு. அந்த மெயில இன்னும் அழிக்கல.

எங்க சொல்லணும்னா, பிஎன்ஹெச்எஸ் வெப்சைட்ல இருக்கற மெயில் விலாசத்துக்கு போட்டோவோட அனுப்புங்க. தேதி, நேரம், ஊரு, முடிஞ்சா போன் மேப்ல அந்த இடத்தோட எண்ணு, கூட எத்தனை பறவை இருந்துச்சு, அது என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வெளிநாட்டுக் கொடின்னாலும் இவங்களுக்கு அனுப்பினா யாரோடதுன்னு சொல்லி விடுவாங்க. பதில் வர மாசக்கணக்கு ஆனாலும் ஆகும், விட்டுடாதீங்க. பறவைப் பட்டியல் பதியற ஈபேர்ட் ஆப்புல அன்னிக்குப் பாத்த மொத்தப் பட்டியலையும் போட்டு, கொடிப் பறவை போட்டோவையும் அதுலயே ஏத்திடுங்க.

செத்த பறவை காலுல வளையம் இருந்தா? வெறுங்கையால தொடாதீங்க, பறவைக்காய்ச்சல் காலம் இது, பிளாஸ்டிக் பையக் கைல மாட்டிக்கிட்டு நம்பரத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க. உயிரோட அடிபட்டு கிடந்தா வளையத்தைக் கழட்டவே கூடாது, நம்பர மட்டும் குறிச்சிட்டு வனத்துறைக்கு போன் பண்ணுங்க. புறாவா இருந்தா முதல்ல வளையத்துல மூட்டு இருக்கான்னு பாருங்க, மூட்டே இல்லாத முழு வளையம்னா அது குஞ்சா இருக்கறப்பவே மாட்டின பந்தயப் புறா, யாரோ வளக்கறது. இதை ஏன் சொல்றேன்னா, காலுல எழுத்தோட ஒரு பறவை வந்தா உளவு பாக்க வந்துச்சுன்னு பயப்படறது இன்னும் நடக்குது. 2023ல மும்பைல அப்படி ஒரு புறாவப் பிடிச்சு எட்டு மாசம் வெச்சிருந்து 2024 ஜனவரிலதான் விட்டாங்க, கடைசில பாத்தா தைவான் பந்தயப் புறா. உங்க ஊரு மீனவர்கிட்ட, ஆடு மேய்க்கற பெரியவர்கிட்ட இந்த வளையம் என்னன்னு ஒரு தடவை உக்காந்து பேசிட்டு வாங்க. அவங்க வருஷம் முழுக்க அங்க இருக்கறவங்க, அவங்க கண்ணுல படறதுல பாதிகூட நம்ம கண்ணுல படாது.

கடல் பக்கம் இல்லாதவங்க வருத்தப்பட வேணாம். திருநெல்வேலிப் பக்கம்னா கூந்தன்குளம் இருக்கு, பட்டைத்தலை வாத்து வரும், மங்கோலியாவுல கழுத்துல பிளாஸ்டிக் பட்டை மாட்டின வாத்துங்களத் தென்னிந்தியாவுல பாத்துப் பதிவு பண்ணியிருக்காங்க, கழுத்துப்பட்டை எழுத்து பெருசு, படிக்க சுலபம், ஆனா பங்குனி பாதிக்கு மேல போனா வாத்து இருக்காது, மாசிலயே போயிடுங்க. அதுவும் இல்லன்னா உங்க ஊரு வயக்காடே போதும். எங்க டெல்டால சம்பா அறுத்த தரிசுல உளுந்து விளைஞ்சு நிக்கற நேரம் இது, மாட்டுக்குப் பின்னாடி போற உண்ணிக்கொக்குக்கு தலையும் கழுத்தும் ஆரஞ்சு ஏறியிருக்கும், மடையானுக்கு முதுகு கருஞ்சிவப்பாயிருக்கும், சாதாரணமா சேத்துக் கலர்ல கண்ணுக்கே தெரியாம நிக்கற குருட்டுக்கொக்கா இதுன்னு கேப்பீங்க. பனங்காடை பனைமரத்துக்கு மேல உசரத்துக்குப் போய் அங்கேர்ந்து புரண்டு புரண்டு கத்திக்கிட்டே விழும், அது ஜோடி சேக்கற ஆட்டம். கல்யாண முருங்கை பூத்திருந்தா அடில நின்னு பாருங்க, சோளப்பட்சி கூட்டம் கிளம்பறதுக்கு முன்னாடி அங்க வந்து சத்தம் போடும். தோப்புல ஆறுமணிக்குருவி காலைலயும் சாயந்திரமும் ரெண்டு குரல்ல விசிலடிக்கும், இன்னும் கொஞ்ச நாள்தான், அதுவும் வடக்க போயிடும்.

இங்க ஒரு எச்சரிக்கை. தரிசுல நடக்கறப்ப தலைக்கு மேல ஆள்காட்டி கத்திக்கிட்டு சுத்துச்சுன்னா உடனே நின்னு காலடியப் பாருங்க, முட்டை வெறும் தரைல கல்லு மாதிரியே கிடக்கும், மிதிச்சா தெரியாது. வந்த வழியே திரும்பிப் போயிடுங்க. கூடு பாத்தா போட்டோ எடுத்து இடத்தோட பேரோட யாருக்கும் அனுப்பாதீங்க, கிளைய ஒதுக்காதீங்க, போன்ல பறவைக் குரலப் போட்டு கூப்பிடாதீங்க.

கடைசியா ஒரு வேலை, இத யாருமே சரியா செய்யறதில்ல. எந்தப் பறவை எப்ப வந்துச்சுன்னு எல்லாரும் எழுதறாங்க, எப்ப கடைசியாப் பாத்தோம்னு எழுதறவங்க குறைவு, ஏன்னா கடைசி நாள் அன்னிக்கு அது கடைசி நாள்னு நமக்குத் தெரியாது. அதனால சித்திரை முழுக்க ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாவது அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குப் போங்க, தகைவிலான் கம்பில இருக்கா, வாலாட்டி வரப்புல இருக்கா, இருந்தா எத்தனை, இல்லன்னா சைபர்னு எழுதுங்க. ஒரு நாள் போனா வளைமூக்கு உள்ளான் பாதி போயிருக்கும், நாலு நாள் கழிச்சு போனா சிவப்பு ஒண்ணுகூட இருக்காது. அப்பவும் சாம்பல் கலர்லயே கொஞ்சம் நின்னு மேய்ஞ்சுக்கிட்டு இருக்கும், அத நோய்வாய்ப்பட்டதுன்னு நினைச்சுடாதீங்க. அதுல பெரும்பாலும் போன வருஷம் பொறந்த குஞ்சுங்க, முதல் வருஷம் ஊருக்குப் போகாம இங்கயே கோடைய ஓட்டும். அதுங்க காலையும் ஒரு தடவை பாத்துடுங்க.